ஒலிக்காத ‘சி’யில் போன மூன்று நாள்

முறைப்படி குற்றஞ்சாட்டத்தக்க என்ற பொருளுடைய ஆங்கிலச் சட்டச் சொல்லை (indictable) ‘இன்டிக்டபிள்’ என்றே வாசித்து வந்தேன். ஒலிப்பதிவில் வழக்கறிஞர் சொன்னதோ ‘இன்டைட்டபிள்’. வேறு சொல்லாக இருக்குமோ என்று தேடியதில் முதல் நாள் போயிற்று. ‘வெர்டிக்ட்’, ‘பிரெடிக்ட்’ ஆகியவற்றோடு ஒப்பிட்டது மேலும் குழப்பியது. ‘சொல்லுதல்’ என்னும் அதே லத்தீன் வேர் அவற்றில் இருந்தும், அங்கே ‘சி’ தெளிவாக ஒலிக்கிறது. அகராதியில் புள்ளியிட்டுப் பிரித்திருந்த இன்–டிக்ட்–ஏபிள் என்ற வடிவத்தை நம்பியது அடுத்த தவறு. பல அகராதிகளில் அப்புள்ளிகள் வரி முடிவில் சொல்லை உடைக்கும் இடத்தையே காட்டுகின்றன, ஒலியசையை அல்ல.

கடைசியில் விகுதியை நீக்கி, ‘இன்டைட்’ என்ற வினைச்சொல்லின் ஒலிக்குறியீட்டைப் பார்த்ததும் சிக்கல் அவிழ்ந்தது. அது ‘ரைட்’, ‘லைட்’ ஆகியவற்றோடு இயைபாக ஒலிக்கும் சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் எழுத்தில் ‘சி’யே இல்லை, லத்தீன் மூலம் தெரியும்படி 1600 வாக்கில் அதைச் சேர்த்தார்கள், பேச்சு மட்டும் மாறவில்லை. ‘டெட்’, அதாவது கடன், என்ற சொல்லில் ஒலிக்காத ‘பி’ நுழைந்ததும் இப்படித்தான்.

‘ஏபிள்’ விகுதி சேர்ந்தாலும் அழுத்தம் இடம் மாறாமல் இரண்டாம் அசையிலேயே நிற்கிறது: இன்–டை–ட–பிள். நான்கு அசைகளையும் சரியாகச் சொல்ல முடிந்தபோது பெரும் நிம்மதி.