பின்பக்கத்து உறுமல் நின்ற விதம்

கார் அறுபதைத் தாண்டினாலே பின்னாலிருந்து ஓர் உறுமல். வேகம் கூடக் கூடச் சத்தமும் ஏறும். மேடு பள்ளமாகத் தேய்ந்த டயரும் இப்படித்தான் கத்தும் என்பதால், முதலில் முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டேன். சத்தம் இன்னும் பின்னாலிருந்தே வந்தது. சரி, டயர் இல்லை.

அப்புறம் ஆள் இல்லாத சமதளச் சாலையில் கொஞ்சதூரம் நியூட்ரலில் உருளவிட்டேன். ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) இறங்கியும் உறுமல் அப்படியே இருந்ததால் இன்ஜினும் சைலன்சரும் கணக்கில் இல்லை. வலப்பக்கம் வளைந்தால் சத்தம் கூடியது, இடப்பக்கம் வளைந்தால் அடங்கியது. வலது திரும்பும்போது வண்டியின் எடை இடதுபக்கச் சக்கரங்களில் சாயும். ஆகவே சந்தேகம் இடது பின் வீல் பேரிங் மேல், அதாவது சக்கரத்தைத் தாங்கி உரசலின்றிச் சுழலவிடும் பாகத்தின் மேல்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விட்டேன். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் விரல் நுனியை வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றினால், வலதில் ஒன்றுமில்லை. இடதில் மணல் அரைபடுவது போல நறநறப்பு. சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் துளியும் இல்லை. ஆட்டம் இல்லாததால் பேரிங் நல்லது என்று பல மெக்கானிக்குகள் விட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல, சத்தம்தான் முதலில் வரும்.

என் வண்டியில் பேரிங்கும் ஹப்பும் (சக்கரம் பொருத்தப்படும் நடுப்பகுதி) ஒரே பாகம். அதைப் புது நட்டோடு மாற்றி, மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு விசை அளவு) டார்க் ரெஞ்சால் இறுக்கும்படி மெக்கானிக்கிடம் சொன்னேன். காற்றழுத்தத்தில் நட்டை முறுக்கும் ஏர் கன்னால் குத்துமதிப்பாக முறுக்கினால் புது பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். இப்போது நெடுஞ்சாலையில் டயர் சத்தம் மட்டுமே கேட்கிறது.