காலி மனையில் கத்தரிப் பாத்தி

வேலூரில் சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ தெருவுக்கு ஒரு காலி மனையாவது பார்த்தீனியமும் குப்பையுமாகக் கிடக்கும். அதில் நாலைந்து வீட்டார் சேர்ந்து காய்கறி போட நினைத்தால், மண்வெட்டிக்கு முன்னால் இடம் யாருடையது என்று பாருங்கள். சர்வே எண் தெரிந்தால் பட்டா விவரம் அரசு இணையச் சேவையிலேயே கிடைக்கும். லேஅவுட்டில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடமானால் மாநகராட்சியிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். தனியார் மனையின் உரிமையாளருக்கு இருப்பது ஒரே பயம்தான், இடத்தைப் பிடித்துக்கொள்வார்களோ என்பது. 11 மாத ஒப்பந்தம், உரிமை கோர மாட்டோம், நிரந்தரக் கட்டுமானம் இல்லை, சொன்னால் ஒரு மாதத்தில் காலி செய்வோம் என்று எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். தென்னையும் மாவும் வைக்கிற ஆசை வேண்டாம்.

அடுத்து, நாலு மூலையிலும் நடுவிலும் 2 அடிக் குழி தோண்டுங்கள். செங்கல், சிமென்ட் இடிபாடு வந்தால் மண் காரமாக இருக்கும். இரும்புச்சத்து ஏறாமல் இளம் இலை வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைச் சமாளிக்கலாம். வெளிர்நீலத் தோல் துண்டுகள் வந்தால்தான் சிக்கல். அவை குரோமியம் என்ற உலோகத்தின் உப்பில் பதனிட்ட தோல் ஆலைக் கழிவு. வழக்கமான மண் பரிசோதனை கார அமில நிலை, உப்பு, சத்துகளைத்தான் காட்டும். குரோமியத்தைத் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும். முடிவு வரும்வரை அங்கே பூச்செடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போர் தண்ணீரையும் சோதியுங்கள். பாசனம் செய்த இடத்தில் வெள்ளையாகப் பூத்தால் உப்புத் தண்ணீர்.

கழிவு இல்லாத மனையிலும் கீழ்மண்ணை நம்பாமல் மேடைப் பாத்தி போடுவதே நல்லது. நீளம் 10 அடி, அகலம் 4 அடி, உயரம் 1 அடி. அகலம் கூடினால் நடுவில் கை எட்டாது, மிதித்து மண் இறுகிவிடும். இரண்டு சென்ட் மனையில் முதலில் 5 பாத்தி போதும். மொத்தம் 200 கன அடி, அதாவது 2 யூனிட். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, பாத்திக்கு 1 கிலோ வேப்பம் புண்ணாக்கு. எரு உதிரியாக, சாணி வாடை இல்லாமல் இருக்க வேண்டும். மக்காததைப் போட்டால் சூட்டில் நாற்று கருகும், வேர்ப்புழுவும் சேர்ந்து வரும். கோரையைக் கிழங்கோடு எடுத்த பிறகே மண் கொட்டுங்கள். அட்டை விரித்து மூடினாலும் அது துளைத்துக்கொண்டு வரும்.

தண்ணீர்க் கணக்கு: பாத்திக்கு நாளைக்கு 20 லிட்டர், கத்திரி வெயிலில் 25. 5 பாத்திக்கு 125 லிட்டர் ஆகிறது, நாலு நாளுக்குச் சேர்த்து வைக்க 500 லிட்டர் டிரம் ஒன்று வேண்டும். நிலக்கடலைத் தோலையோ கரும்புச் சோகையையோ 2 அங்குலம் பரப்பினால் ஈரம் நிற்கும், தண்டை மட்டும் ஒட்ட விடாதீர்கள்.

கத்தரி என்றால் இலவம்பாடி முள்ளுக் கத்தரிதான். நம் மாவட்டத்துக் காய், புவிசார் குறியீடும் பெற்றது. ஆடியில் விதைத்து, 30 முதல் 35 நாளில் இரண்டடிக்கு ஒன்றாக நடுங்கள். ஒரு பாத்தியில் 10 செடி தாராளம். பக்கத்துப் பாத்தியில் சிறுகீரை விதைத்தால் 25 நாளில் பறிக்கலாம். காய் வரும்வரை குழு கலையாமல் இருப்பது அந்தக் கீரையால்தான்.

நுனித்தண்டு திடீரென வாடினால் தண்ணீர்க் குறைவு என்று ஊற்றாதீர்கள். உள்ளே தண்டுத்துளைப்பான் புழு இருக்கும். வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, மனைக்குள் போடாமல் எரித்துவிடுங்கள். துளை விழுந்த காய்களையும் சேர்த்தே அழியுங்கள். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில் தெளிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் பாதிக்கப்பட்ட கிளையோடு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகலாம்.

வேலியை நாற்று நடுவதற்கு முதல் நாளே முடித்துவிடுங்கள். ஆடு ஒரே ஒரு தடவை உள்ளே வந்தால் போதும்.