தனியாக இருக்க முடியுமா? மதிப்பீட்டு நாளில் வீட்டார் செய்யும் தவறுகள்

மகனோ தங்கையோ மாற்றுத்திறனாளி. வயது முப்பதை நெருங்குகிறது. ‘எங்களுக்குப் பிறகு இவன் எப்படி இருப்பான்’ என்ற கேள்வி வீட்டில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தனி அறையோ, நண்பரோடு ஒரு பிளாட்டோ, தேவையான நேரத்தில் மட்டும் உதவியாள் வந்துபோகும் ஏற்பாடோ சரிவருமா என்று பார்க்க ஆக்குபேஷனல் தெரபிஸ்டை அழைக்கிறோம். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அவர் எதைத் தானே செய்கிறார், எதற்கு எவ்வளவு துணை வேண்டும் என்று பார்த்து எழுதுவது தெரபிஸ்டின் வேலை. அந்த அறிக்கை கோணலாக வந்தால், பெரும்பாலும் வீட்டார் காட்டிய படம்தான் காரணம்.

மலேசியாவில் செந்தூலானாலும் பட்டர்வொர்த்தானாலும் நடப்பது ஒன்றுதான். தெரபிஸ்ட் வருகிறார் என்றதும் வீடு பளபளக்கும். மருந்து டப்பாக்கள் அலமாரிக்குள் போய்விடும். அம்மா மகனைக் குளிப்பாட்டி, சட்டைப் பித்தான் போட்டு, தலைவாரி சோபாவில் உட்கார வைத்திருப்பார். மேசையில் மைலோ, முறுக்கு. வந்தவர் பார்க்க வேண்டியதே அந்தப் பித்தானைத்தான்! காலை பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்த பிறகு வரச் சொல்லாமல், முடிந்தால் குளிக்கும் நேரத்திலோ சமைக்கும் நேரத்திலோ வரச் சொல்லுங்கள். வீடு எப்போதும் இருக்கிற மாதிரியே கிடக்கட்டும்.

அதைவிடப் பெரிய தவறு, கேள்விக்கெல்லாம் அம்மாவே பதில் சொல்வது. “தானே குளிப்பாரா?” “ஓ, நல்லா குளிப்பானே!” பொய் இல்லை. ஆனால் ஹீட்டரைப் போடுவது யார்? துண்டை எடுத்து வைப்பது யார்? கதவுக்கு வெளியே நின்று “சோப்பு போட்டியா, முதுகைத் தேய்ச்சியா” என்று குரல் கொடுப்பது யார்? பல வருடமாகச் செய்வதால் அது உதவி என்றே அம்மாவுக்குத் தோன்றுவதில்லை. மதிப்பீட்டில் அது உதவிதான். மறுவாழ்வு மருத்துவமனைகளில் பயன்படும் எஃப்.ஐ.எம். அளவுகோலில் 18 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி. யாரும் இல்லாமல், கருவியும் இல்லாமல், பாதுகாப்பாகச் செய்தால் 7. பொருளை எடுத்து வைக்கவோ, பக்கத்தில் நின்று ஞாபகப்படுத்தவோ ஆள் வேண்டுமென்றால் 5. தனியாக இருக்கலாமா என்பதற்கான பதில் இந்த இரண்டு புள்ளிக்குள்தான் ஒளிந்திருக்கிறது. தெரபிஸ்ட் வருவதற்கு முன் ஓரிரு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எதை யார் சொன்னார்கள், எத்தனை தடவை சொன்னார்கள், தூங்காத இரவுக்கு மறுநாள் எப்படி இருந்தார். நல்ல நாளை மட்டும் எழுதினால் பிறகு உதவியும் நல்ல நாளுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

அடுத்தது மார்க் மயக்கம். பார்த்தெல் (Barthel) என்ற அளவுகோலில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டால் ‘இனி பயமில்லை’ என்று நினைப்பவர்கள் உண்டு. சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறை, நடை, படி ஏறுவது என்று அதில் இருப்பது 10 விஷயங்கள். சமையலும் இல்லை, காசும் இல்லை, மருந்தும் இல்லை. 1965இல் அதை வெளியிட்டவர்களே, நூறு வாங்கியவர் தனியாக வாழக்கூடியவர் என்று பொருள் இல்லை என்று சேர்த்து எழுதியிருக்கிறார்கள். போன், கடை, சமையல், வீட்டுவேலை, துணி, பயணம், மருந்து, பணம் என்ற எட்டும் லாட்டன் அளவுகோலில் வருகின்றன. 1969இல் வந்தபோது அதில் ஆண்களுக்கு ஐந்தை மட்டும்தான் பார்த்தார்கள்; சமையல், வீட்டுவேலை, துணி மூன்றையும் விட்டுவிட்டார்கள். சிரிக்க வேண்டாம், நம் வீடுகளில் இன்றும் அதே கதைதான். ‘ஆம்பளப் பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை’ என்று 28 வயதுவரை தொடவிடாமல் வைத்துவிட்டு, தெரபிஸ்டிடம் ‘இவனுக்குச் சமைக்க வராது’ என்பார்கள். வராதா, வாய்ப்பே கிடைக்கவில்லையா என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். சில வாரம் பழக்கிவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

மருத்துவமனையின் பயிற்சி அறையில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பதும் ஆபத்து. அங்கே தரை காய்ந்திருக்கும், கதவு அகலமாக இருக்கும். வீட்டில் குந்து கழிப்பறை, எப்போதும் ஈரமான தரை, சமையலறைக்கு இறங்கும் படி, கேஸ் தோங் (சிலிண்டர்). பிளாட்டுக்கு மாறப் போகிறார் என்றால் அந்தப் பிளாட்டிலேயே பாருங்கள், லிப்ட் நின்றுபோனால் என்ன செய்வார் என்பதையும் சேர்த்து. எல்.ஆர்.டி. ரயிலில் போகிறவர் என்றால் டச் அண்ட் கோ கார்டில் காசு தீர்ந்த அன்றைக்கு என்ன செய்வார்?

மதிப்பீட்டுக்கு முன்பே சாமான் வாங்கிக் குவிப்பவர்களும் இருக்கிறார்கள். சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு 1க்கு 12. வாசற்படி 15 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 180 செ.மீ. நீளம் வேண்டும். மூன்றடிப் பலகையைச் சாய்த்து வைத்தால் நாற்காலி பின்பக்கம் கவிழலாம்.

மறைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலிப்பு வந்தது, இரவில் கதவைத் திறந்து வெளியே போய்விட்டார், மக்காவ் ஸ்கேம்காரன் போனில் பேசிப் பணத்தைக் கறந்துவிட்டான்: இவையெல்லாம் சொல்லப்படுவதே இல்லை. அக்காவுக்கு வரன் பார்க்கும் நேரமாக இருந்தால் வாய் இன்னும் இறுகிவிடும். புரிகிறது. ஆனால் இரவில் துணை வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்வதே இந்தச் சம்பவங்கள்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூகநல இலாகா தரும் ஓகேயு கார்டை மதிப்பீடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏழு வகைகளில் இவர் எந்த வகை என்பதை அது சொல்லும். காலையில் எத்தனை மணி நேரம் ஆள் வேண்டும் என்பதைச் சொல்லாது. பெர்த்தில் இருக்கும் சித்தப்பா அனுப்பும் அறிக்கை மாதிரியும் அப்படியே பொருந்தாது. ஆஸ்திரேலியாவில் 2013இல் தொடங்கிய என்.டி.ஐ.எஸ். திட்டம் தகுதி உள்ளவருக்கு உதவியாள் செலவைக் கொடுக்கிறது; அங்கே அறிக்கை அந்த நிதிக்காக எழுதப்படுகிறது. இங்கே அந்தத் திட்டம் இல்லை. உங்கள் அறிக்கையைப் படிக்கப்போவது பராமரிப்பாளரும், அண்ணனும், அண்ணியும்தான். அப்புறம், மருத்துவத் துணைத் தொழில்களுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் 774இன்படி பதிவு பெற்றவரா என்று தெரபிஸ்டிடம் கேட்பதில் தப்பே இல்லை.

இத்தனையிலும் அந்த மகனிடம் யாராவது கேட்டார்களா? தமிழில் மட்டும் சரளமாகப் பேசுபவரிடம் மலாயில் கேள்வி கேட்டு, தயங்கினால் ‘புரியவில்லை’ என்று குறித்துக்கொள்வது நடக்கிறது. மொழி தெரிந்த ஒருவர், முடிந்தால் அம்மா அல்லாத ஒருவர், பக்கத்தில் இருக்கட்டும். தனக்கு எது முக்கியம், அதை இப்போது எப்படிச் செய்கிறேன், அதில் திருப்தியா என்று அவரையே பத்துக்கு மார்க் போடச் சொல்லும் முறை ஒன்று உண்டு, சி.ஓ.பி.எம். என்பார்கள். அம்மாவுக்கு முக்கியம் சோறு வடிப்பது. அவருக்கு முக்கியம் வெள்ளிக்கிழமை தனியாகக் கோயிலுக்குப் போய்வருவதாக இருக்கலாம். பயிற்சியை அதிலிருந்து தொடங்குவதுதான் சரி என்பது என் கட்சி.

அறிக்கை கைக்கு வந்ததும் ‘ஓரளவு உதவி தேவை’ போன்ற வரிகளைத் தேடுங்கள். எந்த வேலைக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், தொட்டுச் செய்யும் உதவியா, சொல்லும் உதவியா என்று விரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். மறு மதிப்பீட்டுக்கு ஒரு தேதியையும் கேட்டு வாங்குங்கள். மருந்து மாறினாலோ, வீடு மாறினாலோ, அம்மாவுக்கே ஒரு ஆபரேஷன் என்றாலோ, அந்தத் தேதிவரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.