ஓபன்ஜிஎல் யூனிட்டைக் கையால் தட்டாதீர்கள், எக்ஸ்எம்எல்லிலிருந்து எடுங்கள்

தெரிந்தவர் ஒருவரின் மகன், ஓ.எல். ஐசிடிக்காகப் பாஸ்கல் படித்தவன், பரீட்சைக்கு வருகிற சராசரி, கூட்டுத்தொகைக் கணக்குகளில் அலுத்துப்போய், "அங்கிள், இதில கேம் மாதிரி ஏதும் கீற ஏலுமா?" என்று கேட்டான். ஏலும் என்று வாய்விட்டுவிட்டேன். வெள்ளவத்தை வீட்டில் இரவு இருந்து, கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டு படம் கீறும் இடைமுகமான ஓபன்ஜிஎல்லைப் பாஸ்கலிலிருந்து கூப்பிட, அதன் சி ஹெடரை (பங்ஷன்களையும் மாறிலிகளையும் அறிவிக்கும் பைலை) பார்த்துப் பார்த்து, அதையே ஒரு பாஸ்கல் யூனிட்டாகக் கையால் தட்டினேன். ஒரு மாறிலியில் ஓர் இலக்கம் பிசகிவிட்டது. கொம்பைலருக்கு அது எப்படித் தெரியும்? ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது, திரை மட்டும் கறுப்பு. இரண்டு இரவு அதிலேயே போயிற்று.

ஃப்ரீ பாஸ்கலோடு ஓபன்ஜிஎல் யூனிட்டுகள் ஏற்கெனவே வருகின்றனவே என்று கேட்பீர்கள். வருகின்றன. ஆனால் பழைய பங்ஷன்கள் எல்லாம் அதில் கிடக்கும், படிக்கிற பிள்ளை எது புதியது எது கழித்துவிட்டது என்று தெரியாமல் பழையதைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு 3.3 பதிப்பின் கோர், அதாவது பழையவற்றை நீக்கிய வடிவம், மட்டும் போதும்.

ஓபன்ஜிஎல்லைப் பராமரிக்கிற க்ரோனோஸ் குழு முழு இடைமுகத்தையும் ஒரே எக்ஸ்எம்எல் பைலில் கிட்ஹப்பில் வைத்திருக்கிறது. எந்த மொழிக்காரரும் அதிலிருந்து தங்கள் கொம்பைலருக்கு வேண்டிய பைலை உருவாக்கிக்கொள்ளலாம், சி ஹெடர்களே அதிலிருந்துதான் பிறக்கின்றன. முதலில் அந்தப் பைலை இறக்கி உங்கள் புராஜெக்டுக்குள்ளேயே வையுங்கள். அதிலிருந்து யூனிட்டை எழுதித்தரும் ஸ்கிரிப்டை, ஓடும்போதெல்லாம் பைலை இணையத்திலிருந்து எடுக்கிற மாதிரி எழுதாதீர்கள். நெட் விழுந்த அன்று வேலை நிற்கும் என்பது ஒரு பக்கம், நேற்று வந்த பைலும் இன்று வந்த பைலும் வேறாக இருந்தால் பிழை எங்கே என்று தேடுவது பெரிய கரைச்சல்.

உள்ளே நாலு பகுதிதான் உங்களுக்கு முக்கியம்: டைப்புகள், என்யூம்கள் (மாறிலிகள்), கமாண்டுகள் (பங்ஷன்கள்), ஃபீச்சர்கள் (எந்தப் பதிப்பில் எது சேர்ந்தது, எது நீங்கியது). எல்லோரும் செய்கிற முதல் பிழை, நானும் செய்தது, என்யூம் பகுதியை மேலிருந்து கீழாகப் படித்து அப்படியே எழுதித் தள்ளுவது. அந்தப் பகுதி நிறுவனங்களுக்கு ஒதுக்கிய எண் வரிசைப்படி அடுக்கியது, ஓபன்ஜிஎல் பதிப்புகளின்படி அல்ல. டெஸ்க்டொப்புக்கும் போன்களில் ஓடும் ஓபன்ஜிஎல் ஈஎஸ்ஸுக்கும் எல்லாம் அங்கே ஒன்றாகத்தான் கிடக்கும். ஆக்டிவ் புரோகிராம் ஈஎக்ஸ்டி என்ற மாறிலி இரண்டு முறை, இரண்டு வேறு மதிப்போடு வருகிறது, ஒன்று டெஸ்க்டொப்புக்கு, மற்றது ஈஎஸ்ஸுக்கு. ஏபிஐ என்ற பண்பைப் பார்க்காவிட்டால் பின்னால் வந்தது முன்னால் வந்ததை விழுங்கிவிடும்.

ஆகவே என்யூம்களையும் கமாண்டுகளையும் பெயரை வைத்துத் தேடக்கூடிய அகராதியாக மட்டும் ஏற்றிக்கொண்டு, உண்மையான வேலையை ஃபீச்சர் பகுதியில் செய்யுங்கள். 1.0 இலிருந்து உங்களுக்கு வேண்டிய பதிப்பு வரை ஒவ்வொன்றாகப் போய், ரிக்வயரில் இருப்பதைச் சேர்த்து, ரிமூவில் இருப்பதை நீக்க வேண்டும். ஒழுங்கு மாறக்கூடாது. 3.2 இல் கோர் ப்ரொஃபைலுக்கென்று ஒரு பெரிய ரிமூவ் இருக்கிறது, பிகின், எண்ட் எல்லாம் அங்கேதான் போகின்றன. அங்கே போன கெட் பொயின்டர் பங்ஷன் 4.3 இல் திரும்பி வருகிறது. நீக்கியவற்றையெல்லாம் கடைசியில் ஒரேயடியாகக் கழித்தால் அது காணாமல் போய்விடும்.

ஸ்கிரிப்டை நான் பைத்தனில் எழுதினேன், எக்ஸ்எம்எல் வாசிக்க அதோடு வரும் எலிமென்ட்ட்ரீ போதும். பங்ஷனின் வரையறை இங்கே சி வரி ஒன்றுக்குள் டேக்குகளைச் செருகிய மாதிரித்தான் இருக்கும். ஷேடர் சோர்ஸ் பங்ஷனின் ஒரு அளவுருவில் 'கான்ஸ்ட்' என்ற சொல் டேக்குக்கு முன்னாலும், நட்சத்திரக் குறிகள் டேக்குக்குப் பின்னாலும் நிற்கின்றன. டெக்ஸ்ட் என்ற பண்பை மட்டும் வாசித்தால் முன்னால் உள்ளது மட்டும் வரும், நட்சத்திரங்கள் டெய்ல் என்ற பண்பில் ஒளிந்திருக்கும். இட்டர்டெக்ஸ்ட்டால் முழுவதையும் ஒரு சரமாக ஒட்டி, பெயரைக் கழற்றி, கான்ஸ்ட்டை எறிந்து, நட்சத்திரங்களை எண்ணுங்கள். நட்சத்திரம் ஒன்றுக்கு டைப்பின் முன்னால் ஒரு 'பி'. வொய்ட் நட்சத்திரம் என்றால் பொயின்டர், இரண்டு நட்சத்திரம் என்றால் பிபொயின்டர். திருப்பித் தருவது வெறும் வொய்ட் என்றால் புரொசீஜர், இல்லாவிட்டால் பங்ஷன். இதற்கு மேல் சி மொழியைப் பாகுபடுத்த வெளிக்கிடாதீர்கள், தேவையே இல்லை. டைப் பகுதியைக்கூட நான் வாசிக்கவில்லை. அங்கே இருப்பது சி டைப்டெஃப் வரிகள், அவற்றைப் பாஸ்கலில் கையால் எழுதி மேலே ஒட்டுவதுதான் சுகம். ஜிஎல்சைஸ்ஐபிடிஆர் என்ற டைப் மட்டும் கவனம், அது பொயின்டரின் அகலம் உள்ள எண், 32 பிட் லாங்இண்ட் போட்டால் 64 பிட்டில் உதைக்கும்.

அப்புறம் பாஸ்கலின் ஒதுக்கிய சொற்கள். யூஸ் புரோகிராமின் அளவுரு 'புரோகிராம்', ட்ரோ ரேஞ்ச் எலிமென்ட்ஸில் ஒன்று 'எண்ட்', ஒப்ஜெக்ட் லேபிளில் 'லேபிள்', 'டைப்' வராத இடமே இல்லை. கொம்பைலர் கத்துகிற ஒவ்வொரு இடத்தையும் வெளியீட்டுப் பைலில் திருத்தினால், அடுத்த முறை ஸ்கிரிப்ட் ஓடியதும் எல்லாம் திரும்பி வந்து நிற்கும். பெயர் மாற்றங்களுக்கு ஸ்கிரிப்டிலேயே ஒரு சின்ன அட்டவணை வைத்து, சிக்கிய சொல்லுக்கு முன்னால் அடிக்கோடு போட்டேன். வெளியீட்டின் முதல் வரியில் 'இது தானாக உருவானது, தொடாதே' என்று கொமென்ட் எழுதவும் சொன்னேன். நான் எழுதியது எனக்கே நினைவிருக்காது, அதுதான்.

மாறிலிகளில் பதினறும எண்ணுக்கு முன்னால் டொலர் குறி வர வேண்டும். டைம்அவுட் இக்னோர்ட் 64 பிட்டும் ஒன்றாக உள்ள எண், அதை க்யூவேர்ட் (குறியில்லாத 64 பிட் எண்) என்று சொல்லி எழுதாவிட்டால் பாஸ்கல் -1 என்று எடுத்துக்கொள்ளும். பங்ஷனை எந்த முறையில் கூப்பிடுவது என்பதற்கு, வின்டோஸ் 32 பிட்டில் ஸ்டிடிகோல், மற்ற இடங்களில் சிடெக்ல் என்ற நிபந்தனையை ஒவ்வொரு பங்ஷன் டைப்புக்கும் ஒட்டுங்கள். விட்டால் கொம்பைல் ஆகும், ஓடும்போது ஸ்டாக் குழம்பி சம்பந்தமில்லாத இடத்தில் விழும்.

ஓடும்போது பங்ஷன்களின் முகவரிகளைத் தேடி எடுக்கும் லோடரையும் அதே ஸ்கிரிப்டால் எழுதுங்கள். வின்டோஸின் ஓபன்ஜிஎல் டிஎல்எல் 1.1 வரையுள்ள பங்ஷன்களை மட்டுமே நேரடியாகத் தரும், மிச்சத்தை டபிள்யூஜிஎல் கெட் ப்ரொக் அட்ரஸிடம் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் கொன்டெக்ஸ்ட் (ஓபன்ஜிஎல் கீறுவதற்கான சூழல்) உருவான பிறகு. சில டிரைவர்கள் இல்லாத பங்ஷனுக்குப் பூச்சியம் தராமல் 1, 2, 3 அல்லது -1 தரும். பூச்சியமா என்று மட்டும் பார்த்தால் போதாது.

இன்னொரு சின்ன விஷயம். சேர்த்த பெயர்களைப் பைத்தன் செட்டில் வைத்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் வரிசை மாறும், ஒன்றுமே மாறாத நாளிலும் பைல் மாற்றங்களைப் பதியும் கிட் ஆயிரம் வரி மாறியதாகக் காட்டும். டிக்ஷனரியில் வையுங்கள், சேர்த்த வரிசை அப்படியே நிற்கும்.

சரி, வந்தது சரியா என்று எப்படித் தெரியும்? அதே பெயர்ப் பட்டியலிலிருந்து இரண்டு சின்ன புரோகிராம்களையும் உருவாக்கினேன். ஒன்று சியில், க்ரோனோஸின் கோர் ஹெடரைச் சேர்த்து எல்லா மாறிலிகளையும் அச்சிடுவது, மற்றது என் யூனிட்டை வைத்துப் பாஸ்கலில் அதையே செய்வது. இரண்டின் வெளியீட்டையும் டிஃப் போட்டு வரிக்கு வரி ஒப்பிட்டேன். முதல் தடவை ஒரு வரி வேறாக வந்தது, அந்த 64 பிட் எண்தான். அதைச் சரிசெய்து பெடியனுக்கு யூனிட்டை அனுப்பினேன், அன்று பின்னேரமே முக்கோணத்தின் படம் வட்ஸ்அப்பில் வந்தது, தலைகீழாக. அது அவனுடைய கணக்கு, எக்ஸ்எம்எல்லில் பிழை இல்லை.