உயர்வெப்ப எரிபொருள் கலங்களின் எஃகுத் தகடுகள்: பூச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எரிபொருளிலிருந்து நேரடியாக மின்சாரம் தரும் திட ஆக்சைடு எரிபொருள் கலங்களை அடுக்கி இணைக்கும் எஃகுத் தகடு, ஒரு பக்கம் காற்றையும் மறுபக்கம் ஹைட்ரஜன் கலந்த எரிபொருளையும் தொட்டபடி, 600 முதல் 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல்லாயிரம் மணி நேரம் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். அதற்கான பூச்சில் நேரும் தவறுகள் பலவும் அரிப்பைத் தடுத்தாலே போதும் என்ற எண்ணத்திலிருந்து பிறக்கின்றன.

அலுமினா (அலுமினிய ஆக்சைடு) படலத்தை மின்னோட்டப் பாதையில் வைப்பது அவற்றுள் ஒன்று. அலுமினா மெதுவாக வளர்கிறது, குரோமியம் ஆவியாவதையும் நன்கு தடுக்கிறது. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தாது. வெப்பப் பரிமாற்றிகளுக்கும் காற்றுக் குழாய்களுக்கும் அது மிகவும் ஏற்றது. இணைப்புத் தகட்டுக்கோ, குரோமியா (குரோமியம் ஆக்சைடு) படலம் உருவாக்குவதும், வெப்பத்தில் கலத்தின் பீங்கான் அடுக்குகளின் அளவுக்கு நெருக்கமாக விரிவதுமான ஃபெரிட்டிக் என்னும் வகை எஃகே பொருந்தும்.

எடைக் கூடுதலை மட்டும் வைத்துப் பூச்சுகளை ஒப்பிடுவது இன்னும் ஆபத்தான தவறு. ஆக்சிஜன் சேர்வதால் தகட்டின் எடை கூடுகிறது. அதே நேரத்தில், ஈரக் காற்றில் குரோமியா ஆக்சிஹைட்ராக்சைடு ஆவியாக மாறி வெளியேறுவதால் எடை குறைகிறது. தராசு காட்டுவது இவ்விரண்டின் வேறுபாட்டை மட்டுமே என்பதால், குரோமியத்தை வேகமாக இழக்கும் பூச்சில்லாத தகடு, பூசிய தகட்டைவிட நல்லது போலவும் தோன்றலாம். வெளியேறிய குரோமியம் காற்று மின்முனையில் படிந்து, அதில் ஸ்ட்ரான்சியம் இருந்தால் ஸ்ட்ரான்சியம் குரோமேட்டாகி, கலத்தின் திறனைக் குறைக்கிறது. ஆகவே ஆவியான குரோமியத்தைத் தனியே பிடித்து அளக்க வேண்டும். அதுவும் ஈரப்பதமும் போதிய ஓட்டமும் உள்ள காற்றில். தேங்கிய, உலர்ந்த காற்றுள்ள உலையில் ஆவியாதல் இயல்பாகவே குறைவு. அங்கே எந்தப் பூச்சும் தேறிவிடும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இருபுறச் சூழலை. எரிபொருள் பக்கத்திலிருந்து ஹைட்ரஜன் எஃகினூடே ஊடுருவிக் காற்றுப் பக்கத்தை அடைகிறது. அங்கே காக்கும் குரோமியாப் படலம் உருவாவதைக் கெடுத்து, இரும்பு மிகுந்த ஆக்சைடு வேகமாக வளர வழிவிடுகிறது. நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாக, இவ்விளைவு 800 டிகிரியைவிட 600 டிகிரிக்கு அருகில்தான் கடுமையாக இருக்கிறது; ஏனெனில் தாழ்ந்த வெப்பத்தில் எஃகின் உள்ளிருந்து குரோமியம் மேற்பரப்பை வந்தடைவது மெதுவாகிறது. வெப்பத்தைக் குறைத்துவிட்டோம், இனி மலிவான எஃகே போதும் என்று முடிவெடுப்பவர்கள் இருபுறமும் காற்று மட்டும் உள்ள சோதனையை நம்பிவிடக் கூடாது.

மாங்கனீசும் கோபால்ட்டும் சேர்ந்த கலப்பு ஆக்சைடான ஸ்பைனல் பூச்சு காற்றுப் பக்கத்துக்கு உரியது. எரிபொருள் பக்கத்தில் பூசினால் அது கோபால்ட் உலோகமாகவும் மாங்கனீசு ஆக்சைடாகவும் பிரிந்துவிடும். தூளாகப் பூசிய ஸ்பைனலை நன்கு இறுக்காமல் விட்டால் நுண்துளைகள் வழியே குரோமியம் கசியும்; முதலில் ஹைட்ரஜன் சூழலில் ஆக்சிஜனை நீக்கி ஒடுக்கி, பின்னர் காற்றில் மீண்டும் ஆக்சிஜனேற்றுவது அடுக்கை நெருக்கமாக்கும். வெட்டிய விளிம்புகளையும் பேரியம் கொண்ட கண்ணாடி அடைப்புகள் எஃகைத் தொடும் இடங்களையும் தனியே பார்க்க வேண்டும். அங்கே உருவாகும் பேரியம் குரோமேட் அடைப்பை எஃகிலிருந்து பிரித்துவிடக்கூடும்.

ஆயுளைக் கணிக்கும்போது, சில ஆயிரம் மணி நேரத்தின் வளர்ச்சி வளைவை அப்படியே நீட்டுவதும் சரியல்ல. படலம் வளர வளரத் தகட்டினுள் இருக்கும் குரோமியம் தீர்ந்துகொண்டே வருகிறது. மெல்லிய தகட்டில் அந்த இருப்பு முதலிலேயே குறைவு. அது ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் அரிப்பு திடீரெனப் பெருகும். எனவே தகட்டின் தடிமனைக் கணக்கில் சேர்க்காத ஆயுள் மதிப்பீட்டை வடிவமைப்புக்குப் பயன்படுத்தக் கூடாது.